வேலை இருக்கிற இடம் எப்படித் தெரியும்? படிக்கிறவர்களும் புதிதாகப் படித்து முடித்தவர்களும் கேட்கும் கேள்விகள்

கடைசி ஆண்டில் இருப்பவர்களும் பட்டம் வாங்கிச் சில மாதம் ஆனவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ரெஸ்யூமே பற்றியும் நேர்காணல் பற்றியும்தான். அவற்றைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவற்றுக்கு முந்திய படி ஒன்று உண்டு: எங்கே ஆள் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொள்வது. அந்தத் தகவலை இங்கே ‘துப்பு’ என்று சொல்கிறேன். இந்தப் பக்கம் அதைப் பற்றி மட்டும்.

துப்பு என்றால் வேலை விளம்பரம்தானே?

விளம்பரமும் துப்புதான். ஆனால் ஊரெல்லாம் தெரிந்துவிட்ட துப்பு.

ஒரு வேலை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஒரு குழுவில் ஒருவர் விலகுகிறார். அல்லது புதிய வேலை வந்து குவிந்து, இருப்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறது. “இன்னும் ஒரு ஆள் இருந்தால் தேவலை” என்று குழுவின் தலைவர் சலித்துக்கொள்கிறார். சில வாரம் கழித்து மேலிடத்தில் கேட்கிறார். பணத்துக்கு ஒப்புதல் வர வேண்டும். அது வருவதற்குள், “உங்களுக்குத் தெரிந்து யாராவது இருக்கிறார்களா?” என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் விசாரிக்கிறார். ஒப்புதல் வந்ததும் எச்ஆர் ஒரு விளம்பரம் எழுதுகிறது. அது நிறுவனத்தின் தளத்தில் ஏறுகிறது, வேலைத் தளங்கள் அதை எடுத்துப் போடுகின்றன, அப்புறம்தான் உங்கள் கைப்பேசியில் மணி அடிக்கிறது. அதே மணி எத்தனை பேர் கைப்பேசியில் அடித்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடரின் எந்தக் கட்டத்தில் செய்தி உங்கள் காதில் விழுந்தாலும் அது துப்புதான். முன்கூட்டி விழுந்தால் செய்தி அரைகுறையாக இருக்கும், போட்டியும் குறைவாக இருக்கும். பிந்தி விழுந்தால் செய்தி தெளிவாக இருக்கும், வரிசை நீளமாக இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. தேர்வு வைத்து, பொது அறிவிப்பு கொடுத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிற இடங்களில் அறிவிப்பைத் தவிர வேறு வாசல் கிடையாது. அங்கே அறிவிப்புத் தேதியைத் தவறவிடாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. “எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது” என்று அங்கே யாராவது சொன்னால் அந்த ஆளைவிட்டு விலகிவிடுங்கள்.

எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும்?

கடைசி ஆண்டு தொடங்கும்போதே. பெரிய நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும் வேலையைப் பட்டமளிப்புக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடுகின்றன. சின்ன நிறுவனங்கள் அப்படியில்லை. ஆள் போன பிறகுதான் அடுத்த ஆளைத் தேடும். அதனால் பெரிய இடங்களுக்கு முதலிலும் சின்ன இடங்களுக்குப் படிப்பு முடியும் தறுவாயிலும் கவனத்தைக் கொடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எனக்கு யாரையும் தெரியாது. பெரிய இடத்து உறவுகளும் இல்லை. நான் என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அதில் இருக்கும் வருத்தம் நியாயமானது. சிலருக்கு வீட்டுக்குள்ளேயே வாசல் திறந்திருக்கிறது, சிலருக்கு இல்லை. அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் “தெரிந்தவர்” என்ற சொல்லை நாம் ரொம்பக் குறுக்கி வைத்திருக்கிறோம்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில், சமீபத்தில் வேலை மாறியவர்களிடம் “யார் மூலம் தெரிந்தது?” என்று விசாரித்தார். தெரிந்த ஒருவர் மூலம் என்று சொன்னவர்களிடம், அந்த ஒருவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 100-க்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் 56 பேர். மிக அரிதாக என்றவர்கள் 28 பேர். “நண்பரா சொன்னார்?” என்று கேட்டால், “நண்பர் இல்லை, பழக்கம், அவ்வளவுதான்” என்று பலரும் திருத்தினார்களாம்.

இது ஏன் என்று கொஞ்சம் யோசித்தால் புரியும். உங்கள் நெருங்கிய நண்பர்களுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான் தெரியும். ஒரே வகுப்பு, ஒரே வாட்ஸ்அப் குழு, ஒரே வதந்தி. என்றோ ஒருநாள் பேருந்தில் பேசிக்கொண்டுவந்த சீனியர் வேறொரு உலகத்தில் இருக்கிறார். அங்கே புழங்கும் செய்தி உங்களுக்குப் புதிது.

2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வு ஒன்று வந்தது. லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் 5 ஆண்டுத் தொடர்புகளைப் பார்த்தார்கள். மிக நெருங்கியவர்களும் அதிகம் உதவவில்லை, துளியும் ஒட்டில்லாதவர்களும் அவ்வளவாக உதவவில்லை. இரண்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் தெரிந்த சிலர் இருக்கிற அரைப் பழக்கம்தான் அதிகம் உதவியது.

எனவே ஒரு தாளை எடுங்கள். உறவினரை விட்டுவிடுங்கள். உங்களுக்கு முன்னால் படித்த மூன்று நான்கு பேட்ச்களில் பெயர் தெரிந்தவர்கள். கல்லூரி விழாவுக்குப் பேச வந்தவர்கள். நீங்கள் புராஜெக்ட் செய்த இடத்தில் கையெழுத்துப் போட்டவர். ஆய்வகத்துக்குக் கருவி பழுதுபார்க்க வந்த டெக்னீஷியன் (எந்தெந்த நிறுவனத்தில் ஆய்வகம் விரிவாகிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும், இவரை யாரும் பட்டியலில் சேர்ப்பதே இல்லை). பகுதிநேர வேலை பார்த்திருந்தால் அங்கிருந்த மேற்பார்வையாளர். நண்பனின் அக்கா, அறைத்தோழியின் அப்பா. “யாரையும் தெரியாது” என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அரை மணி நேரத்தில் 40 பெயர் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பின் பழக்கமில்லாத ஒருவருக்கு என்ன எழுதுவது?

எனக்கு வருகிற செய்திகளில் பாதி இப்படி இருக்கும்:

“வணக்கம் சார். நான் பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். ஏதாவது வேலை இருந்தால் சொல்லவும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.”

இதைப் படிக்கிறவருக்கு என்ன செய்ய முடியும்? “ஏதாவது” என்றால் எது? அவர் ரெஸ்யூமேயைத் திறந்து, உங்களுக்கு எது பொருந்தும் என்று யோசித்து, யாரிடம் கேட்பது என்று முடிவு செய்து... இத்தனை வேலையையும் அவர் தலையில் கட்டுகிறீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்று மூடிவைப்பார், அதோடு சரி.

புள்ளியியல் படித்த ஒரு மாணவி தன் சீனியருக்கு எழுதியதை அவர் அனுமதியோடு, அடையாளங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்:

“வணக்கம் அக்கா. நம் துறையில் கடைசி ஆண்டு படிக்கிறேன். நீங்கள் எங்களுக்கு நான்கு பேட்ச் முன்னால் என்று பழைய மாணவர் பட்டியலில் பார்த்தேன். மருந்துப் பரிசோதனைத் தரவுகளில் வேலை செய்வதாக உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் இருந்தது. அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ‘ஆர்’ தெரிந்தால் போதுமா, ‘சாஸ்’ கட்டாயமா என்பது எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாரம் உங்களுக்கு வசதியான நேரத்தில் 15 நிமிடம் போனில் பேச முடியுமா? முடியாவிட்டால் இரண்டு வரி பதில் எழுதினாலும் போதும் அக்கா.”

(ஆர், சாஸ் இரண்டும் தரவுகளை அலச உதவும் மென்பொருள்கள்.) இதில் வேலை கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் யார், உங்களை எப்படித் தெரியும், உங்களால் மட்டும் சொல்லக்கூடிய ஒரு கேள்வி, சின்ன வேண்டுகோள், மறுக்க ஒரு வழி. அவ்வளவுதான். ரெஸ்யூமே இணைக்கவில்லை, கேட்டால் தரலாம். கேட்பார்கள்.

இன்னொன்று. 1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி மிலன் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை வேண்டி ஒரு கடிதம் தயாரித்தார். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, மூடிய போர் வண்டி என்று வரிசையாக எழுதி, தான் ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சேர்த்தார். கேட்பவருக்குப் போர்தான் கவலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கு எது பெருமையோ அதை முதலில் வைக்காமல், எதிரில் இருப்பவருக்கு எது தேவையோ அதை முதலில் வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதலாமா?

பிழை திருத்தலாம். மொத்தமாக எழுதச் சொன்னால், அதே வாரம் அவருக்கு வந்த வேறு எட்டுச் செய்திகளைப் போலவே உங்களுடையதும் இருக்கும்.

பதிலே வரவில்லை. மறுபடி எழுதினால் தொல்லை என்று நினைப்பார்களா?

ஒரு வாரம் கழித்து ஒருமுறை எழுதலாம். “போன வாரம் எழுதியிருந்தேன், வேலை மும்முரத்தில் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று மறுபடி அனுப்புகிறேன்” என்றால் போதும். வருகிற பதில்களில் கணிசமானவை இந்த இரண்டாவது செய்திக்குத்தான் வருகின்றன என்பது என் அனுபவம். மூன்றாவது முறை வேண்டாம். “பார்த்துவிட்டீர்கள் என்று நீலக்குறி காட்டுகிறது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிஜமாகவே ஒருவர் எழுதினார்.

15 நிமிடம் பேசக் கிடைத்தது. என்ன கேட்பது?

இணையத்தில் கிடைக்கிற எதையும் கேட்காதீர்கள். நிறுவனம் எந்த ஆண்டு தொடங்கியது என்று கேட்டால் அந்த 15 நிமிடமும் வீண்.

முதலில் அவர் எப்படி உள்ளே வந்தார் என்று கேளுங்கள். அந்தக் கதையிலேயே வழி இருக்கும். அடுத்து, அந்த வேலையை வெளியே என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். இது அற்பமாகத் தோன்றும், இல்லை. மேலே சொன்ன மாணவி ‘ஸ்டாடிஸ்டிஷியன்’ என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்ற வேலை ‘ஸ்டாடிஸ்டிகல் புரோகிராமர்’, ‘கிளினிக்கல் டேட்டா அனலிஸ்ட்’ என்ற பெயர்களில் கிடந்தது. மருந்துக் கம்பெனிகளின் பெயரை மட்டும் அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கம்பெனிகளுக்காகப் பரிசோதனைகளை ஒப்பந்தத்தில் நடத்தித் தரும் ஆய்வு நிறுவனங்கள் தனியாக இருக்கின்றன என்பதே அந்தப் பேச்சில்தான் தெரிந்தது. சிஆர்ஓ என்பார்கள். ஒரே பேச்சில் தேடுசொல்லும் மாறியது, பட்டியலும் இரண்டு மடங்கானது.

அந்தத் துறைக்காரர்கள் எங்கே அறிவிப்புப் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். தொழில்முறைச் சங்கத்தின் செய்திமடல், மாநாட்டுத் தளம், ஒரு மின்னஞ்சல் குழு என்று துறைக்குத் துறை ஒரு மூலை இருக்கும்.

முடிக்கும்போது கேட்க வேண்டியது: “இது பற்றி நான் வேறு யாரிடம் பேசினால் நல்லது என்று நினைக்கிறீர்கள்?” இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனை வைத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கேட்டால் ஒருவர் இருவராவார், இருவர் நால்வராவார்கள். புதியவருக்கு எழுதும்போது “இன்னார் உங்களிடம் பேசச் சொன்னார்” என்று தொடங்கலாம். (அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான்.)

பேசிய அன்றே நன்றி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, “நீங்கள் சொன்னபடி சாஸ் பயிற்சியை முடித்துவிட்டேன்” என்று ஒரு வரி அனுப்புங்கள். துப்பு பெரும்பாலும் முதல் பேச்சில் வராது. இந்த ஒரு வரிக்குப் பதிலாக வரும்.

வேலைத் தளங்களில் தேடினால் அதே விளம்பரங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வேறு வழி உண்டா?

தளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துப் போடுவதால் அப்படித்தான் இருக்கும். சில உத்திகள் சொல்கிறேன்.

விளம்பரத்தின் மூலத்துக்குப் போங்கள். பல நிறுவனங்கள் விண்ணப்பங்களைக் கையாள கிரீன்ஹவுஸ், லீவர், வொர்க்டே போன்ற மென்பொருள்களை வைத்திருக்கின்றன. அந்த நிறுவனங்களின் வேலைப் பக்கங்கள் அந்த மென்பொருளின் இணைய முகவரியிலேயே இருப்பதுண்டு. கூகுளில் ‘சைட்’ (site) என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்த முகவரியை எழுதி, பக்கத்தில் வேலையின் பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அந்த முகவரியில் ஏறியிருக்கும் வேலைகள் மட்டும் வரும். ‘சீனியர்’, ‘மேனேஜர்’ போன்ற சொற்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அவை உள்ள பக்கங்கள் விலகிவிடும். கடந்த ஒரு வாரம் என்று காலத்தையும் சுருக்கலாம்.

பிடித்த 20, 30 நிறுவனங்களை எழுதிவைத்துக்கொண்டு, அவற்றின் வேலைப் பக்கத்தை வாரம் ஒருமுறை நேரடியாகத் திறந்து பாருங்கள். வேலைத் தளத்தில் ஏறுவதற்கு முன்னால் அங்கே ஏறுவது வழக்கம். சில நிறுவனங்கள் வெளியே கொடுப்பதே இல்லை.

மாதக்கணக்கில் ஒரே விளம்பரம் புதுத் தேதியோடு வந்துகொண்டே இருந்தால், அது ரெஸ்யூமே சேர்த்து வைப்பதற்காகப் போட்டதாக இருக்கலாம். அதில் இரவு முழுக்க உட்கார்ந்து முகப்புக் கடிதம் எழுத வேண்டாம்.

அப்புறம், விளம்பரத்தை விண்ணப்பிக்க மட்டும் படிக்காதீர்கள். ஒரு நிறுவனம் ஒரே நேரத்தில் மூன்று குழுத் தலைவர்களைத் தேடுகிறது என்றால் என்ன அர்த்தம்? அந்தத் தலைவர்களுக்குக் கீழே ஆட்கள் வேண்டியிருக்கும். அவர்கள் சேர்ந்து ஓரிரு மாதத்தில் உங்களைப் போன்ற ஃப்ரெஷர்களைத் தேடுவார்கள். உங்களுக்குப் பொருந்தாத விளம்பரமே உங்களுக்கான துப்பு.

“2 ஆண்டு அனுபவம் தேவை” என்று போட்டிருக்கிறதே, விண்ணப்பிக்கலாமா?

1 முதல் 2 ஆண்டு என்றால், கேட்ட வேலையில் பாதிக்கு மேல் நீங்கள் செய்துகாட்டியிருந்தால், விண்ணப்பியுங்கள். இன்டர்ன்ஷிப், புராஜெக்ட், பகுதிநேர வேலை எல்லாவற்றையும் அனுபவமாகக் காட்டலாம், என்னவென்று மறைக்காமல். 5 ஆண்டு என்றால் விட்டுவிடுங்கள். உரிமம் அல்லது சான்றிதழ் கட்டாயம் என்று இருந்தால் அதில் பேரம் கிடையாது.

விளம்பரமே போடாத இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலை எங்கே பெருகுகிறதோ அங்கே ஆள் தேவைப்படும். அதனால் வேலைச் செய்தியைத் தேடாமல் தொழில் செய்தியைப் படியுங்கள். ஒரு நிறுவனம் புதிய கிளை திறக்கிறது. பெரிய ஒப்பந்தம் ஒன்று கிடைத்திருக்கிறது. முதலீடு வந்திருக்கிறது. புதிய சட்டம் ஒன்று வந்து எல்லா நிறுவனங்களும் ஏதோ ஒரு கணக்கைக் காட்ட வேண்டியிருக்கிறது. இவற்றுள் எதைப் படித்தாலும், “இதைச் செய்ய அவர்களுக்கு இன்னும் யார் வேண்டியிருக்கும்?” என்று ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

ஒரு பெரிய தொழிற்சாலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் அந்தத் தொழிற்சாலைக்கே விண்ணப்பிப்பார்கள். அதற்கு உதிரிபாகம் செய்கிறவர், சரக்கு ஏற்றி இறக்குகிறவர், தரச் சோதனை செய்கிறவர், மென்பொருள் போட்டுத் தருகிறவர், ஆட்களுக்குப் பயிற்சி தருகிறவர் எல்லோருக்கும் அதே நேரத்தில் ஆள் வேண்டும். அவர்கள் பெயர் செய்தித்தாளில் வராது. தொழில்துறைச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலிலும், வணிகக் கண்காட்சிகளில் கடை போட்டவர்களின் பட்டியலிலும் இருக்கும். கண்காட்சி முடிந்த பிறகும் அந்தப் பட்டியல் இணையத்தில் கிடக்கும். நான் பார்த்தவரை மாணவர்கள் யாரும் அதைத் திறப்பதில்லை.

சின்ன நிறுவனத்துக்கு எழுதும்போது எச்ஆருக்கு எழுதாதீர்கள். பல இடங்களில் எச்ஆர் என்று தனியாக ஒருவரே இருக்க மாட்டார். அந்தப் பிரிவை நடத்துகிறவருக்கு நேராக எழுதுங்கள். அவர்கள் செய்துகொண்டிருக்கும் ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் உங்களால் எதைச் சுமக்க முடியும் என்று நான்கு வரியில் சொல்லுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேர் பதில் போட மாட்டார்கள், ஒருவர் “இப்போது இல்லை” என்பார். அந்த “இப்போது இல்லை”யை மூன்று மாதம் கழித்து மறுபடி தட்டிப் பாருங்கள்.

கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல்லால் பயன் உண்டா?

கல்லூரியைப் பொறுத்தது. வளாகத்துக்கு வரும் நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், போன ஆண்டுகளில் யார் எங்கே சேர்ந்தார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். அந்தப் பட்டியல்தான் அங்கே இருக்கும் புதையல். படிப்பு முடிந்த பிறகும் பழைய மாணவர்களுக்கு உதவும் பிரிவுகள் உண்டு. கேட்காமல் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பேராசிரியர்களிடம் கேட்கலாமா?

கண்டிப்பாக. ஆலோசனைக்குப் போகிறவர்கள், நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வு செய்கிறவர்கள் யார் என்று பாருங்கள். “நல்ல பையன் யாராவது இருந்தால் சொல்லுங்கள்” என்று அவர்களுக்கு அவ்வப்போது போன் வரும். அந்த நேரத்தில் உங்கள் முகம் நினைவுக்கு வர வேண்டும். நீங்கள் எந்த மாதிரி வேலை தேடுகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

வேலை கண்காட்சிக்குப் போனால் ரெஸ்யூமேயை வாங்கி அடுக்கிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆமாம், அப்படித்தான் நடக்கும். போவதற்கு முன் வரும் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்து ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் சேருமுன் காலையில் போய்விடுங்கள். மேசையில் இருப்பவரிடம் “வேக்கன்சி இருக்கிறதா?” என்று கேட்காமல், “இந்தப் பிரிவுக்கு ஆள் தேர்வு செய்கிறவர் யார், அவருக்கு நான் எழுதலாமா?” என்று கேளுங்கள். ஒரு பெயரும் ஒரு மின்னஞ்சலும் கிடைத்தால் அன்றைய நாள் லாபம்.

ஆள் சேர்க்கும் ஏஜென்சிகளை நம்பலாமா?

அவர்கள் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்பது தெளிவாக இருந்தால் நம்பலாம். ஏஜென்சிக்குப் பணம் தருவது நிறுவனம். ஆகவே நிறுவனத்துக்கு ஏற்ற ஆளைத் தேடுவதுதான் அவர்கள் வேலை, உங்களுக்கு ஏற்ற வேலையைத் தேடுவதல்ல. அனுபவம் இல்லாதவர்களுக்கு அவர்களிடம் பெரும்பாலும் வாய்ப்புக் குறைவு. தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் மட்டும் ஃப்ரெஷர்களையும் எடுப்பார்கள். சில மாத வேலையாக இருந்தாலும், உள்ளே இருக்கும்போது காதில் விழும் செய்தி வெளியே இருந்தால் விழாது.

வேலை வாங்கித் தரப் பணம் கேட்கிறார்கள். தரலாமா?

கூடாது. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் வேலை தேடுகிறவர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பொது விதி. சில வகை வேலைகளுக்கு நாடுகள் விலக்கு அளிக்கலாம், ஆனால் “பதிவுக் கட்டணம்”, “பயிற்சிக் கட்டணம்”, “லேப்டாப் டெபாசிட்” என்று உங்களிடம் வருகிறவர்கள் அந்த விலக்கில் வருகிறவர்கள் இல்லை.

மோசடியின் சில முகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். நேர்காணல் முழுக்க சாட்டிலேயே நடக்கும். முகம் காட்ட மாட்டார்கள். விண்ணப்பிக்காத வேலைக்கு நியமனக் கடிதம் வரும். மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், ஆனால் ஒரு எழுத்து கூடியோ, நடுவில் ஒரு கோடு சேர்ந்தோ இருக்கும். காசோலை ஒன்றை அனுப்பி, கருவி வாங்கியது போக மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். காசோலை போலி என்று வங்கி சொல்வதற்குள் உங்கள் சொந்தப் பணம் போயிருக்கும். வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று முதலில் சில்லறை தந்து நம்பவைத்து, பிறகு “மேல்நிலைக்குப் போக” உங்களிடமே பணம் கட்டச் சொல்வார்கள்.

சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் தளத்தை நீங்களே தனியாகத் தேடித் திறந்து, அங்கே உள்ள எண்ணைக் கூப்பிட்டு, இப்படி ஒரு வேலை உண்டா என்று கேளுங்கள். அவர்கள் அனுப்பிய இணைப்பை அழுத்திப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. ஓடிபி, வங்கிக் கடவுச்சொல் இரண்டையும் எந்த நிறுவனமும் கேட்காது.

எத்தனை விண்ணப்பம் போட வேண்டும்?

எண்ணிக்கையை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ரெஸ்யூமேயை 200 இடங்களுக்கு அனுப்பிவிட்டு “எதுவும் சரிவரவில்லை” என்று வருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம், 37-ஆவது விண்ணப்பம் எங்கே போட்டீர்கள், யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் தெரியாது.

ஒரு நோட்டு வையுங்கள், எக்செல் ஆனாலும் சரி. ஒவ்வொரு துப்புக்கும் ஒரு வரி. ஒரு வரி எப்படி இருக்கும் என்றால்:

“மார்ச் 4. சிஆர்ஓ, புரோகிராமர் பயிற்சியாளர். சொன்னது: சீனியர் அக்கா, போனில். இன்னும் விளம்பரம் இல்லை, ஏப்ரலில் வரலாம். அடுத்தது: குழுத் தலைவருக்கு எழுத வேண்டும், 11-ஆம் தேதிக்குள்.”

‘சொன்னது’ என்ற இடமும் ‘அடுத்தது’ என்ற இடமும்தான் உயிர். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால், நேர்காணல் வரை போன துப்புகள் எந்த வழியாக வந்தன என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும். வேலைத் தளத்தில் போட்ட 60-இல் ஒன்றுகூடத் தேறவில்லை, பேசிய 9 பேரில் இருவர் வழி திறந்தது என்று தெரிந்தால், அடுத்த மாதம் நேரத்தை எங்கே போடுவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பு முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது சீனியர்களிடம் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

புரிகிறது. “இன்னும் சும்மாதான் இருக்கிறாயா?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் ஆளை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. வெளியே போகாமல் இருந்தால் துப்பும் வராது, மாதம் மட்டும் கூடும். இதற்கு நான் சொல்லும் வழி சின்னது: சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். தெரிந்த கடைக்காரருக்குச் சரக்குக் கணக்கு எழுதித் தந்தீர்களா, தன்னார்வ அமைப்புக்கு இணையதளம் செய்தீர்களா, கிட்ஹப்பில் ஏதாவது ஏற்றினீர்களா, அதுவே போதும். “இப்போது இதைச் செய்துகொண்டிருக்கிறேன், இந்த மாதிரி வேலையைத் தேடுகிறேன்” என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அந்தக் கேள்விக்கு இடமே வராது.

நேர்காணலில் நிராகரித்துவிட்டார்கள். அந்த இடம் முடிந்ததுதானே?

அவசரப்பட வேண்டாம். கடைசிச் சுற்று வரை போய் நின்றவர் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். தேர்வானவர் சேராமல் போவதும், இரண்டு மாதத்தில் விலகுவதும் உண்டு. “வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி, இதே குழுவிலோ பக்கத்துக் குழுவிலோ இடம் வந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதிவிட்டு, நோட்டில் ‘அடுத்தது’ என்ற இடத்தில் இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதி போடுங்கள்.

வேலை கிடைத்துவிட்டது. துப்புக் கொடுத்தவர்களுக்கு என்ன செய்வது?

அன்றைக்கே சொல்லுங்கள். அவர் சொன்ன இடத்தில் கிடைக்காமல் வேறு இடத்தில் கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள்; சொல்லாமல் விட்டவரைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். அப்புறம், நோட்டில் இன்னும் மூடப்படாத வரிகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவற்றைப் பிரதியெடுத்து, இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வகுப்புத்தோழருக்குக் கொடுத்துவிடுங்கள். ‘சொன்னது’ என்ற இடத்தில் உள்ள பெயர்களை மட்டும், அவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.